பிடியரிசி

எங்கள் தாம்பரம் வீட்டு அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு டால்டா டின் இருக்கும். அதன் மூடி எப்போதோ தொலைந்துபோய், மேலே ஓர் எவர்சில்வர் தட்டு கவிழ்ந்திருக்கும். அம்மா உழக்கால் அரிசி அளந்து முறத்தில் கொட்டுவாள். கல் பொறுக்குவாள். களைவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி அள்ளி அந்த டின்னில் போடுவாள். காலையும் அப்படித்தான், ராத்திரியும் அப்படித்தான். மாதக் கடைசியில் பானையின் அடி தெரிகிற நாளில்கூட அந்த டின்னில் கை வைக்க வீட்டில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. அது பிடியரிசி. கோயிலுக்கு உரியது.

கோயில் என்றால் எங்கள் ஆட்களுக்குச் சர்ச். திருநெல்வேலித் தெற்கத்திக் கிறிஸ்தவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘கோயிலுக்கு நேரமாச்சு’ என்றுதான் சத்தம் கேட்கும். பாதிரியார் எங்களுக்கு ஐயர், அவர் மனைவி ஐயரம்மா, மணி அடிப்பவர் கோயில்குட்டி. தாம்பரம் பள்ளிக்கூடத்தில் நான் ஒருமுறை ‘எங்க ஐயர் வீட்ல ஆட்டுக்கறி சாப்பிட்டேன்’ என்று சொல்ல, வகுப்பு முழுவதும் என்னையே பார்த்தது நினைவிருக்கிறது.

ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஓலைப்பெட்டியோடு வீடு வீடாக வந்து பிடியரிசியை வாங்கிக்கொண்டு போவார்கள். தாம்பரத்தில் அப்படிக் கேட்டு வர ஆள் இல்லை. டின் நிறைந்தால் அரிசி ஒரு துணிப்பைக்குப் போகும். பை நிறைந்தால் இன்னொரு பை. மே மாத லீவு விட்டதும் அந்தப் பைகள் எங்களோடு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறும். தாமிரபரணிப் பாசனத்து நெல் விளைகிற ஜில்லாவுக்கு மெட்ராஸிலிருந்து அரிசி மூட்டை! “கொல்லன் தெருவில ஊசி விக்கப் போறோம்” என்பார் அப்பா. அம்மா காதில் வாங்கிக்கொண்டதே இல்லை.

எழுபதுகளின் தாம்பரம் அது. ஊர் என்றும் சொல்ல முடியாது, பட்டணம் என்றும் சொல்ல முடியாது. மேற்குத் தாம்பரத்தில் கிணறு உள்ள வீடுகள், நடுநடுவே காலி மனைகள், சாயங்காலமானால் தவளைச் சத்தம். நேரம் தெரிய மின்சார ரயில் போதும். 1931இலேயே பீச்சிலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜில் ஓடத் தொடங்கிய ரயில். அந்தப் பக்கம் 1928இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய காசநோய்ச் சானடோரியம். இந்தப் பக்கம் சேலையூர்க் காட்டுக்குள் 1937இல் குடியேறிய கிறிஸ்தவக் கல்லூரி. இரண்டுக்கும் நடுவில் ரயில்வேக்காரர்கள், விமானப்படைக்காரர்கள், வாத்தியார்கள், எங்களைப் போல் தெற்கிலிருந்து வந்த குமாஸ்தாக் குடும்பங்கள். யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, “சொந்த ஊர் எது?”

நாங்கள் போன தெருக் கோயிலுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழை பெய்தால் பிரசங்கம் கேட்காது. மணிக்குப் பதிலாக வேப்பங்கிளையில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. அதைத் தட்டினால் வரும் சத்தத்துக்கும் பள்ளிக்கூட மணிக்கும் வித்தியாசம் கிடையாது. ‘இதெல்லாம் கோயிலா’ என்று அப்பா வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். அங்கே ஒன்றும் இருக்காது. அது எங்கள் ஊர் ஆண்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

ஊர் என்றால் மெஞ்ஞானபுரம் சேகரத்துக்குள், அதாவது ஓர் ஐயரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரத்துக்குள், ‘விளை’ என்று முடிகிற பெயருள்ள ஒரு சின்னக் கிராமம். ராத்திரி முழுக்க ரயில். விடிந்ததும் திருநெல்வேலி. அங்கே திருச்செந்தூர் பாசஞ்சரைப் பிடிக்க வேண்டும். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று வயலும் வாழையுமாகப் போகிற ரயில், நாசரேத்தில் எங்களை இறக்கிவிடும். ஆற்றுப் பச்சை அதோடு சரி. அங்கிருந்து பஸ் ஏறித் தெற்கே போகப்போக மண் சிவக்கும், தேரி மணல். பனையைத் தவிர வேறு எதுவும் நிமிர்ந்து நிற்காத பூமி.

பஸ் கிளம்பியதும் அப்பா ஜன்னலோரத்தை எங்களுக்கு விட்டுக்கொடுப்பார். “ஏலே, கோபுரம் தெரியுதா?” முதலில் பார்த்தவனுக்குப் பாட்டி வீட்டில் ஒரு முந்திரிக்கொத்து அதிகம். பனைகளுக்கு மேலே, ஊசிபோல, முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரியும். பனைதானோ என்று சந்தேகம் வரும். பனைக்குத் தலை விரிந்திருக்கும். இது மேலே போகப்போக ஒடுங்கும். “அந்தா!” என்று கத்துவோம். பஸ்ஸில் பாதிப் பேர் எங்களைப் போல லீவுக்கு வந்தவர்கள். ஒரே சமயத்தில் நாலைந்து ஜன்னலிலிருந்து ‘அந்தா’ கிளம்பும்.

மெஞ்ஞானபுரம் பரிசுத்த பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரத்துக்குச் சொல்லும் கணக்கும் அதே 192 அடிதான். அது நிலை நிலையாக ஏறி, உச்சியில் அகன்று, கலசங்களை வரிசையாக ஏந்தி நிற்கிறது. இது நாலு மூலைக் கட்டடமாகக் கிளம்பி, பாதிக்கு மேல் கூம்பாகி, ஒரு புள்ளியில் போய் முடிகிறது. ஒன்று தமிழ்நாட்டு ஸ்தபதியின் கணக்கு. மற்றது இங்கிலாந்துக் கிராமங்களில் வயல்களுக்கு நடுவே நிற்கும் கோத்திக் கோபுரத்தின் வம்சம். உள்ளேயும் அந்த வம்சத்து அடையாளங்கள்தான்: உச்சியில் கூர்ந்து முடியும் வளைவுகள், உயரமான ஜன்னல்கள். இரண்டு கைகளையும் விரல் நுனியில் சேர்த்துக் கும்பிட்டால் வருகிற வடிவம் என்று சிறுவயதில் நானே ஒரு விளக்கம் வைத்திருந்தேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான், கோபுரம்.

அந்த இடத்தின் பழைய பெயர் நெடுவிளை. வேல்ஸ் நாட்டில் 1808இல் பிறந்த ஜான் தாமஸ், சி.எம்.எஸ். மிஷனரியாக 1837இல் அங்கே வந்தபோது மணலும் முள்ளும்தான் அதிகம். கிணறு வெட்டினார், மரம் நட்டார், பள்ளிக்கூடம் வைத்தார். நெடுவிளை மெஞ்ஞானபுரம் ஆயிற்று. 1845இல் அடித்த பெருங்காற்று அந்த வட்டாரத்தையே புரட்டிப் போட்டது. காற்றுக்கு ஓலைக் கூரைகள் பறக்கிற மண்ணில் அந்த மனிதர் வானத்தைத் தொடும் கோபுரம் கட்ட நினைத்தார். 1840களில் தொடங்கிய வேலை, கோபுரம் முடிய 1868 ஆகிவிட்டது. 1870இல் அவர் அங்கேயே இறந்தார். முடித்த கோபுரத்தைப் பார்க்க அவருக்குக் கிடைத்தது இரண்டே வருஷம்.

அப்பா வழி மெஞ்ஞானபுரம் என்பதால் சி.எம்.எஸ். அம்மா வழி இடையன்குடிப் பக்கம் என்பதால் எஸ்.பி.ஜி. இரண்டும் ஆங்கிலிக்கன் சபையின் மிஷனரி சங்கங்கள்தான். ஆனால் அந்தக் காலத்தில் பெண் எடுக்கும்போது முதலில் விசாரிப்பது இதைத்தான். எஸ்.பி.ஜி. என்றால் பீடத்தில் மெழுகுவர்த்தி, ஐயருக்கு விதவிதமான அங்கி. சி.எம்.எஸ். என்றால் வெள்ளை அங்கியும் நீளமான பிரசங்கமும். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகு இந்த வேற்றுமை காகிதத்தில் ஒழிந்தது. எங்கள் வீட்டில் ஒழியவில்லை. அம்மா ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றினால் போதும், “எஸ்.பி.ஜி. புத்தி” என்பார் அப்பா.

“எங்க கோயிலுக்கு முப்பத்து மூணு வருஷம்” என்பாள் அம்மா பதிலுக்கு. இடையன்குடி பரிசுத்த திரித்துவ ஆலயத்தைச் சொல்கிறாள். 1847இல் தொடங்கி 1880 ஜூலை 6இல் பிரதிஷ்டை ஆன கோயில். அதைக் கட்டியவர் கால்டுவெல். 1838இல் மெட்ராஸில் வந்து இறங்கி, 1841இல் கால்நடையாகவே தெற்கே வந்து, அந்தத் தேரிக் கிராமத்தில் குடியேறியவர். கோயில் வளர்ந்துகொண்டிருந்த அதே வருஷங்களில்தான், 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. 1875இல் அதை விரித்து இரண்டாம் பதிப்பும் வந்தது. நூல் முடிந்து, திருத்திய பதிப்பும் முடிந்து, அப்புறமும் கோயில் முடிய ஐந்து வருஷம் பிடித்திருக்கிறது. 1891இல் கொடைக்கானலில் இறந்த அவரை இடையன்குடிக்குக் கொண்டுவந்து அந்தக் கோயிலுக்குள்தான் அடக்கம் செய்தார்கள். “முப்பத்து மூணு வருஷம் இழுத்தது பெருமையா?” என்று அப்பா கேட்பார். “அவசரமா கட்டினா நிக்குமா?” என்பாள் அம்மா. இந்த வழக்கு எங்கள் வீட்டில் கடைசி வரை தீர்ப்பாகவில்லை.

ஏன் இத்தனை வருஷம் என்று பாட்டியிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். “பிடிப்பிடியாச் சேத்தா அவ்வளவு நாள் ஆகாதா மக்கா?” மெஞ்ஞானபுரம் கோபுரத்தில் அவளுடைய பாட்டியின் பிடியரிசியும் இருக்கிறதாம். எத்தனை பிடி என்றுகூடச் சொல்லுவாள், ஒவ்வொரு லீவுக்கும் கணக்கு மாறும். பெரிய பணம் இங்கிலாந்தில் மிஷனுக்குக் கொடுத்தவர்களிடமிருந்து வந்திருக்கும். கோபுரம் அரிசியால் மட்டும் எழும்பாது என்று பெரியவனானதும் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் பாட்டி சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. சுண்ணாம்பு அரைத்தவர்களும் கல் சுமந்தவர்களும் சனிக்கிழமை பெட்டியில் அரிசி போட்டவர்களும் அந்தச் சேகரத்து ஆட்கள்தான். அவர்கள் பெயரை யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை.

தாத்தா பனையேறி. பங்குனியில் ஏறத் தொடங்கினால் ஆவணி வரைக்கும் காலையும் மாலையும் மரத்தில்தான். அவருக்குக் கோபுரம் பற்றி வேறு அபிப்பிராயம். “கீழ நிக்கிறவனுக்குத்தாம்லே அது உசரம். மரத்து உச்சியில இருந்து பாத்தா, பாதிக் கோபுரத்துக்கு நான் சரி.” பெரிய பனை நூறடி போகும், அவர் சொன்ன கணக்கு சரிதான். மணி அடித்தால் மேலே இருப்பவருக்குத்தான் முதலில் கேட்குமாம். பாளை சீவிக்கொண்டிருக்கிற கை ஒரு நொடி நிற்கும், பிறகு வேலை நடக்கும்.

மே மாதத்தில் அசனம் வரும். கோயில் வளாகத்தில் அடுப்பு வெட்டி, அண்டா ஏற்றி, ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் நாள். எங்கள் தாம்பரத்துப் பைகள் அன்றைக்குத்தான் திறக்கும். வருஷம் முழுக்கச் சேர்ந்த அரிசி, பாதி வண்டு விழுந்திருக்கும். பாட்டி முகம் சுளிக்காமல் புடைத்து, பெட்டியில் கொட்டுவாள். எல்லா வீட்டு அரிசியும் ஒரே குவியல். புழுங்கலும் பச்சையும், சம்பாவும் ரேஷனும் ஒன்றாகக் கலந்தால் பதமாக வேகாது. ஒரு பருக்கை குழையும், இன்னொன்று விதையாக நிற்கும். அந்தச் சோற்றுக்கு மேல் கறிக்குழம்பு விழும்போது ஒருவரும் பதம் பார்த்ததில்லை.

இப்படியே பழகிய எனக்கு, பரங்கிமலை அடிவாரத்துக் கோயில் ஓர் ஆச்சரியமாக இருந்தது. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காகத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போனோம். மலை உச்சியில் இருப்பது 1523இல் போர்த்துக்கீசியர் கட்டிய மாதா கோயில். நாங்கள் போனது கீழே, கம்பெனியின் பட்டாளத்துக்காகக் கட்டிய ஆங்கிலிக்கன் கோயிலுக்கு. மெட்ராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடம் அந்த மலையடிவாரம். 1802இல் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கி முதல் அடிக்கோட்டை இழுத்ததும் இந்த மலைக்குப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று வரைக்கும்தான். ஆக, அது சங்கிலியும் சட்டமுமாக ஒழுங்கு பார்க்கிறவர்களின் பூமி. கோயிலும் அப்படித்தான், நிமிர்ந்து அணிவகுப்பில் நிற்கிற மாதிரி நின்றது.

தாலி கட்டுகிற நேரத்தில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் நிறையப் பெயர்கள். பளிங்கில் வெட்டிய அதிகாரிகளின் பெயர்கள், பதவிகள், இறந்த தேதிகள். தேதியைக் கழித்துப் பார்த்தால் சிலருக்கு என் சித்தப்பா வயசுகூட இல்லை. காய்ச்சலிலோ கடலிலோ சண்டையிலோ போன பிள்ளைகள். அவர்களுடைய அம்மாக்கள் எங்கோ தூர தேசத்தில் இருந்திருப்பார்கள்; பெயரையாவது ஒரு சுவரில் வைக்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. “நம்ம ஊர்க் கோயிலைக் கட்டினவங்க பேரு ஏம்ப்பா எழுதல?” என்று கேட்டேன். அப்பா யோசித்தார். “அவங்க பிள்ளைங்க அங்கதானே இருக்கோம்” என்றார். சொன்ன பிறகுதான், அங்கே இல்லை, தாம்பரத்தில் இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தவர் போலப் பேசாமல் இருந்துவிட்டார்.

மெஞ்ஞானபுரம், தாம்பரம் என்ற இந்த இரண்டு ஊரையும் ஒருவர் எனக்கு முன்பே இணைத்து வைத்திருக்கிறார் என்பது கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்த பிறகு தெரிந்தது. மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. மெஞ்ஞானபுரம் விடுதிப் பள்ளியில் படித்தவர். ஆக, அந்தக் கோபுர நிழலில் ஓடியாடிய பையன். பிறகு கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். அப்போது கல்லூரி ஜார்ஜ் டவுனில். 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர். 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு தாம்பரத்தில், எங்கள் கல்லூரி வளாகத்தில்தான் நடந்தது. கிறிஸ்துமஸ் லீவில் பையன்கள் காலி செய்துபோன விடுதிகளில் உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் தங்கினார்கள். அசரியாவும் வந்திருந்தார்.

அவர் அங்கிருந்து திரும்பிப் போய், 1939 ஜனவரி 6இல் தோர்ணக்கலில் தான் கட்டிய கதீட்ரலைப் பிரதிஷ்டை செய்தார். அதன் படங்களைப் பார்த்திருக்கிறேன். ஊசிக் கோபுரம் இல்லை. மசூதியின் கும்மட்டமும், கோயில் மண்டபத்துத் தூணும் சேர்ந்த கட்டடம். அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். “நம்ம ஊர்க்காரர் கட்டினதா? கோபுரம் எங்கல?” என்றார். எனக்கோ, 192 அடிக் கோபுரத்தைத் தினமும் பார்த்து வளர்ந்தவருக்குத்தான் அது இல்லாமல் கட்டுகிற தைரியம் வரும் என்று தோன்றியது. அப்பாவுக்கும் அசரியாவுக்கும் ஒரே கோபுரம். ஒருவர் அதை வாழ்நாள் முழுக்கத் தேடினார், இன்னொருவர் அதைத் தாண்டிப் போனார்.

எங்கள் தெருக் கோயிலும் மாறியது. தொண்ணூறுகளில் தாம்பரத்தில் மனை விலை ஏறி, கிணறுகள் தூர்ந்து, அடுக்குமாடிகள் வந்தபோது சபையும் பெருத்தது. ஆஸ்பெஸ்டாஸைப் பிரித்துக் கான்கிரீட் போட்டார்கள். தெற்கத்தி ஆட்கள் கமிட்டியில் இருந்தால் கோபுரம் இல்லாமல் விடுவார்களா? நாற்பதடிக்கு ஒன்று எழும்பியது. தண்டவாளத் துண்டு போய் ஒலிபெருக்கி வந்தது. வாசலில் கறுப்புக் கிரானைட் கல் பதித்து, பணம் கொடுத்தவர்கள் பெயரைத் தொகை வாரியாக வெட்டினார்கள். அம்மா தன் இரண்டு வளையலை விற்றுக் கொடுத்திருந்தாள். என்ன பெயர் போட வேண்டும் என்று கமிட்டித் தம்பி வீட்டுக்கு வந்து கேட்டார்.

“பிடியரிசிக்கு எவளாவது பேரு எழுதுவாளாய்யா?” என்றாள் அம்மா.

அவள் போய் இரண்டு மாதம் கழித்து அடுக்களையை ஒழித்தோம். டால்டா டின் இருந்தது. பாதிக்கு மேல் அரிசியும் இருந்தது. கடைசி நாட்களில் சமைப்பது என் மனைவி. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்த ஒரு பிடியை மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறாள். அந்த மே மாதம் அதை ஒரு பையில் கட்டிக்கொண்டு நான் மட்டும் போனேன். மீட்டர்கேஜ் போய் அகல ரயில் வந்துவிட்டது. நாசரேத்திலிருந்து போகிற பாதையில் புதிய வீடுகள், உடைமரங்கள்; பனை குறைந்துவிட்டது. கோபுரம் முன்னைவிடச் சீக்கிரமே தெரிந்தது. ‘அந்தா’ என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை வாசலில் ஏலம் விடுவது அங்கே வழக்கம். முட்டை, முருங்கைக்காய், ஒரு சேவல், கருப்பட்டி. அவற்றோடு என் பையும் வந்தது. ஏலம் போட்டவர் கையை விட்டு அளைந்து பார்த்தார். “வண்டு கெடக்கு. கோழிக்கு ஆவும். யாரு கேக்கியோ?” பின்வரிசைப் பாட்டி ஒருத்தி முப்பது ரூபாய்க்குக் கேட்டு, முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்தாள்.

கோயில்குட்டி நோட்டில் எழுதிக்கொண்டார். நான் எட்டிப் பார்த்தேன். பிடியரிசி, ஒன்றரைப் படி, முப்பது ரூபாய். அவ்வளவுதான் எழுதியிருந்தார். யார் கொண்டுவந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.